கணவர் பெயருக்கு ஒரு மதிப்பெண்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

தொலைநிலைக் கல்வியில் முதுகலை ஆங்கிலம் படிப்பவர்களுக்கான அமெரிக்க இலக்கியக் கையேட்டில் மூன்றாம் அலகை என்னை எழுதச் சொன்னீர்கள். அமெரிக்கக் கறுப்பின நாடகாசிரியை லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' நாடகம் பற்றிய அலகு அது. வெள்ளையர் குடியிருப்பில் வீடு வாங்கும் யங்கர் என்ற கறுப்பினக் குடும்பத்தின் கதை. 22 பக்கம் எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்த கையேட்டில் பத்தொன்பதரைப் பக்கம்தான் இருக்கிறது. காரணம் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: 'நாடகத்துக்குத் தொடர்பில்லாத தனிப்பட்ட விவரங்கள் நீக்கப்பட்டன.' அதன் பிறகு இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். ஆறு மாதமாகியும் பதில் இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் நீக்கிய இரண்டரைப் பக்கத்தில் இருந்தது ஒரே விஷயம்தான். ஹான்ஸ்பெரி பெண்களை நேசித்த பெண், அதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார், அந்த எழுத்துக்கும் இந்த நாடகத்துக்கும் நெருக்கமான உறவு இருக்கிறது என்பது.

சரி, தனிப்பட்ட விவரம் வேண்டாம் என்பது உங்கள் கொள்கை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அதே பக்கத்தில் '1953 ஜூன் 20 அன்று ராபர்ட் நெமிரோஃபை மணந்தார்' என்ற வரி ஏன் அப்படியே இருக்கிறது? '1964-இல் விவாகரத்து பெற்றார்' என்ற வரியும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், 1957-இலேயே இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று நான் எழுதியது மட்டும் காணவில்லை. கையேட்டைப் படிக்கிற மாணவர் என்ன நினைப்பார்? பதினோரு வருடம் குடும்பம் நடத்தி, ஏதோ மனக்கசப்பில் பிரிந்து, அடுத்த வருடமே இறந்துபோன ஒரு மனைவி என்றுதானே? அதோடும் நிற்கவில்லை. வினா வங்கியில் 14-ஆம் கேள்வி: 'ஹான்ஸ்பெரியின் கணவர் பெயர் என்ன?' நான்கு விடை கொடுத்து, சரியானதற்கு ஒரு மதிப்பெண். அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. அந்தரங்கம் பாடத்தில் சேராது என்று சொல்லும் குழு, அதே அந்தரங்கத்துக்கு மதிப்பெண்ணும் போடுகிறது.

வாழ்க்கை விவரம் நாடகத்தோடு எப்படிச் சேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 'பின்னணி' என்று தலைப்பிட்டு ஒரு முழுப் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறீர்கள். 1930-இல் சிகாகோவின் தெற்குப் பகுதியில் பிறந்தவர் ஹான்ஸ்பெரி. நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி வீட்டுமனைத் தொழில் செய்தவர். அவர் 1937-இல் ரோட்ஸ் அவென்யூவில் 6140 என்ற எண்ணுள்ள வீட்டை வாங்கினார். கறுப்பின மக்களுக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று வெள்ளையர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுவைத்திருந்த பகுதி அது. கூட்டம் வீட்டைச் சூழ்ந்தது. எறிந்த கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து, சின்னப் பெண்ணான லொரெய்னை மயிரிழையில் தவறவிட்டது. அப்பா நீதிமன்றங்களில் அலைந்தார். அம்மா நானி, குண்டு நிரப்பிய ஜெர்மன் துப்பாக்கியுடன் இரவெல்லாம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பிள்ளைகளைக் காத்தார். ஹான்ஸ்பெரி பின்னாளில் இதை எழுதியபோது, அப்பா நடத்தியது போரின் கௌரவமான பகுதி என்று குத்தலாகச் சொல்லியிருப்பார். மீதிப் பகுதி அம்மாவின் கையில் இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்த வீட்டு வழக்கில் 1940-இல் வந்த 'ஹான்ஸ்பெரி எதிர் லீ' தீர்ப்பைப் பற்றிய என் வரியையும் உங்கள் மேலாய்வாளர் திருத்தி, 'இனப்பாகுபாட்டு ஒப்பந்தங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது' என்று போட்டிருக்கிறார். தவறு. முன்பு வேறு யாரோ நடத்திய வழக்கின் முடிவு ஹான்ஸ்பெரி குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது என்று மட்டும்தான் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள்ளேயே நீதிமன்றம் போகவில்லை. இந்த மாதிரி ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்பு 1948-இல் வேறொரு வழக்கில்தான் வந்தது. அதைப் பார்க்க கார்ல் ஹான்ஸ்பெரி உயிரோடு இல்லை. 1946-இலேயே மெக்சிகோவில் இறந்துவிட்டார். வேண்டாததை நீக்கினோம் என்கிறீர்கள், போகிற போக்கில் சரியாக இருந்ததையும் கெடுத்துவிட்டீர்கள்.

அப்பா வாங்கிய வீடு நாடகத்துக்குள் வந்தால் அது பின்னணி. மகளின் வாழ்க்கை நாடகத்துக்குள் வந்தால் தொடர்பில்லாத அந்தரங்கம். இந்தக் கணக்குத்தான் எனக்குப் புரியவில்லை.

1957-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பிளீக்கர் தெரு வீட்டில் அவர் இந்த நாடகத்தை எழுதி முடித்துக்கொண்டிருந்த வருடம். கணவரைப் பிரிந்ததும் அதே வருடம்தான். 1955-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட 'டாட்டர்ஸ் ஆஃப் பிலிட்டிஸ்' என்ற லெஸ்பியன் பெண்களின் அமைப்பு, 'த லேடர்' என்று ஒரு சின்னப் பத்திரிகை நடத்திவந்தது. அந்தப் பத்திரிகையின் மே, ஆகஸ்ட் இதழ்களில் ஹான்ஸ்பெரியின் கடிதங்கள் வெளிவந்தன. முழுப் பெயர் இல்லை, முதலெழுத்துகள் மட்டும். ஒன்றில் எல்.எச்.என்., இன்னொன்றில் எல்.என்.

மே மாதக் கடிதத்தில் அவர் சொல்வது இது. பெரும்பான்மைச் சமூகம் ஏற்றுக்கொள்ளும்படி உடுத்து, பேசு, நடந்துகொள் என்று தம் ஆட்களுக்குத் தாமே ஓயாமல் உபதேசம் செய்யும் கறுப்பினச் சூழலில் வளர்ந்தவள் நான். அந்த உபதேசம் எவ்வளவு மேலோட்டமானது என்று எனக்குத் தெரியும். ஒருவர் ஒடுக்கப்படுவது வேறுபட்டு இருப்பதால்தான், அவர் ஏதோ தப்பானவர் என்பதால் அல்ல.

இப்போது நாடகத்தில் லிண்ட்னர் வரும் காட்சியைத் திறந்து பாருங்கள். வெள்ளையர் குடியிருப்பிலிருந்து வருகிறார். மரியாதையாகப் பேசுகிறார். யங்கர் குடும்பத்தைப் போலவே தங்கள் ஆட்களும் பாடுபட்டு முன்னேறியவர்கள்தான் என்கிறார். கடைசியில், 'நீங்கள் எங்கள் தெருவுக்கு வராமல் இருக்கப் பணம் தருகிறோம்' என்கிறார். யங்கர் குடும்பத்தின் நடத்தையில் அவரால் ஒரு குறையும் காட்ட முடியவில்லை. ஒழுங்காக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அங்கே மேடையிலேயே உடைகிறது. கடிதத்தில் இருப்பதும் காட்சியில் இருப்பதும் ஒரே மனம், ஒரே காலம். நான் எழுதிய இரண்டரைப் பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்க இந்த ஒப்பீடுதான். இதையா 'நாடகத்துக்குத் தொடர்பில்லாதது' என்றீர்கள்? அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நீக்கினீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. மன்னியுங்கள், ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் கடிதம் கல்யாணமான பெண்களைப் பற்றியது. கல்யாணத்துக்குள் இருந்துகொண்டே தாங்கள் பெண்களை நேசிப்பவர்கள் என்று உணரும் பெண்கள், வருமானத்துக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் கணவனையே நம்பி இருக்கும் நிலை, தன்பாலீர்ப்பை வெறுப்பதன் வேரில் பெண்ணை மட்டம்தட்டும் சிந்தனை இருப்பது என்றெல்லாம் அதில் யோசிக்கிறார். இதை வைத்துக்கொண்டு பெனித்தாவைப் படியுங்கள். டாக்டருக்குப் படிக்க நினைக்கும், யங்கர் வீட்டுத் தங்கை. யாரைக் கட்டிக்கொள்வது என்ற கவலையே எனக்கு இப்போது இல்லை, கல்யாணம் என்று ஒன்று பண்ணிக்கொண்டால் பார்க்கலாம் என்று போகிறபோக்கில் சொல்கிறாள். உடனே அம்மாவும் அண்ணியும் ஒரே குரலில் 'இஃப்!' என்று கத்துவார்கள். வகுப்பில் நான் இதைத் தமிழில் சொல்லிக்காட்டுவேன்: 'பண்ணிக்கிட்டாவா?!'

17 வருடமாக ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்பு எடுக்கிறேன். தனியார் பள்ளி ஆசிரியைகள் வருவார்கள், அலுவலக எழுத்தர்கள் வருவார்கள், கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு முதல் பஸ் பிடித்து வருகிறவர்களும் உண்டு. அந்த ஒரு சொல்லுக்கு வருடம் தவறாமல் வகுப்பு சிரிக்கும். போன வருடம் சிரிப்பு அடங்கியதும் பின்வரிசையில் ஒரு மாணவி, 'இதை எழுதினவங்க பண்ணிக்கிட்டாங்களா, மேடம்?' என்று கேட்டார். பண்ணிக்கொண்டார், பிறகு இப்படி இப்படி என்று இருக்கிறதைச் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டது. யாரும் எழுந்து போகவில்லை, யார் வீட்டிலிருந்தும் புகார் வரவில்லை. ஒருவர் மட்டும் இதெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று கேட்டார். அது எல்லாப் பாடத்துக்கும் எல்லா வருடமும் வருகிற கேள்வி.

அந்த மாணவி தானே தேடிப் படித்து, 15 மதிப்பெண் கட்டுரையில் 'த லேடர்' கடிதங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறார். பணம் கட்டி வாங்கிய விடைத்தாள் நகலை என்னிடம் காட்டினார். அந்தப் பத்தியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, ஓரத்தில் 'தேவையற்றது' என்ற குறிப்பு. 15-க்கு 6. திருத்தியவரை நான் குறை சொல்ல மாட்டேன். கையேட்டில் இல்லாதது அவருக்குத் தேவையற்றதாகத்தானே தெரியும்.

உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வாதம் என்னை யோசிக்க வைத்தது. கடிதத்தில் யாரும் அதை எழுதவில்லை. குழு உறுப்பினர் ஒருவர் நேரில் சொன்னார். 'அவங்களே மறைச்சு முதலெழுத்து போட்டாங்க. நாம எதுக்கு வெளியே சொல்லணும்?'

நியாயமான கேள்வி. பல நாள் மனதில் போட்டுப் புரட்டினேன். அவர் ஏன் மறைத்தார் என்பதிலிருந்துதான் பதில் தொடங்க வேண்டும். 1953-இல் அதிபர் ஐசன்ஹோவர் பிறப்பித்த நிர்வாக ஆணையைக் காட்டி, தன்பாலீர்ப்பாளர்களை அரசு வேலையிலிருந்து துரத்திக்கொண்டிருந்த நாடு அது. ஹார்லெமில் கறுப்பினப் பாடகர் பால் ராப்சனின் 'ஃப்ரீடம்' பத்திரிகையில் வேலை செய்த காலத்திலிருந்தே எஃப்.பி.ஐ. ஹான்ஸ்பெரியைக் கண்காணித்துவந்தது, பிராட்வேக்கு வருமுன்பே நாடகத்தை ஆள் அனுப்பிப் பார்த்துக் குறிப்பு எழுதியது. 1963 மே மாதம் ராபர்ட் கென்னடியோடு நடந்த சந்திப்பில், அந்த அட்டர்னி ஜெனரலை முகத்துக்கு நேரே கண்டித்துவிட்டு வெளியே நடந்தவர் இவர். அந்தச் சம்பவம் கையேட்டில் இருக்கிறது, மகிழ்ச்சி. அவ்வளவு துணிச்சல் உள்ளவரே இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் நின்றார் என்றால், அந்தப் பயத்தின் எடை எவ்வளவு இருந்திருக்கும்!

ஆனால் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. எமிலி ஜோன்ஸ் என்ற புனைபெயரில் பெண்கள் பெண்களைக் காதலிக்கும் கதைகளை வெளியிட்டார். 1960 ஏப்ரல் முதல் தேதி, தனக்குப் பிடித்தவை, தான் வெறுப்பவை என்று தன்னைப் பற்றியே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறார். 'என் தன்பாலீர்ப்பு' என்பது இரண்டு பட்டியலிலும் இருக்கிறது. அந்தத் தாளை அவர் கிழித்துப்போடவில்லை. கடிதம், நாட்குறிப்பு, கதை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போனார். 1964 அக்டோபரில் மேடையேறிய 'த சைன் இன் சிட்னி ப்ரூஸ்டீன்ஸ் விண்டோ' நாடகத்தில் டேவிட் என்ற பாத்திரம் ஆண்களை நேசிக்கும் நாடகாசிரியர். பிராட்வே மேடையில், சொந்தப் பெயரில் எழுதியது அது. 1965 ஜனவரி 12 அன்று, கணையப் புற்றுநோயில், 34 வயதில் இறந்தார். 101 காட்சிகள் ஓடிய அந்த நாடகமும் அதே நாட்களில் நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் செயலுக்கு முன்மாதிரி. எழுத்துகளின் பொறுப்பு நெமிரோஃபிடம் வந்தது. அவரை நான் வில்லனாக்க விரும்பவில்லை. பிரிந்த பிறகும் கடைசிவரை ஹான்ஸ்பெரிக்குத் துணையாக நின்றவர். முடிக்காமல் விட்ட 'லே ப்ளாங்ஸ்' நாடகத்தை 1970-இல் மேடையேற்றியவர். அவர் இல்லையென்றால் பாதி எழுத்து நம் கைக்கு வந்திருக்காது. ஆனால் தன்பாலீர்ப்பு பற்றிய தாள்களை மட்டும் ஆய்வாளர்கள் பார்க்க முடியாதபடி பூட்டிவைத்தார். 1991-இல் அவரும் இறந்தார். அந்தப் பூட்டு திறந்தது 2013 வாக்கில்தான், அதுவும் அவர் குடும்பத்தார் கையாலேயே. அதே ஆண்டு 'த லேடர்' கடிதங்களை புரூக்ளின் அருங்காட்சியகம் கண்காட்சியில் வைத்தது. இன்று ஹான்ஸ்பெரியின் வாழ்க்கை வரலாறு எதை எடுத்தாலும் இது இருக்கிறது. அவருடைய தாள்களைக் காத்துவந்த குடும்பமே திறந்துவிட்ட பெட்டியை, இத்தனை தொலைவில் இருக்கும் நாம் ஏன் மறுபடி பூட்ட வேண்டும்?

நம் ஊர் நிலையும் உங்களுக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து இந்த உறவுகளை விடுவித்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் தீர்ப்பளிக்கும் முன், இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதி ஒருவர் மாணவராக உட்காரத் தயாராக இருந்த மாநிலம் இது. மாணவர்களுக்கென்றே இருக்கும் குழு இரண்டரைப் பக்கத்துக்குப் பயப்படுகிறது.

நான் கேட்பவை இவை. அடுத்த பருவத்துக்கான மறு அச்சுக்கு முன், நீக்கிய பகுதியை முழுமையாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். பக்கம் அதிகம் என்றால் சொல்லுங்கள், ஒன்றரைப் பக்கமாக நானே சுருக்கித் தருகிறேன். ஆனால் லிண்ட்னர் காட்சியும் மே மாதக் கடிதமும் வரும் பத்தி குறையக்கூடாது. சேர்க்க மாட்டோம் என்பதுதான் முடிவென்றால், கல்யாண வரியையும் விவாகரத்து வரியையும் வினா வங்கியின் 14-ஆம் கேள்வியையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். விதி எல்லாருக்கும் ஒன்றாகவாவது இருக்கட்டும். 1940 தீர்ப்பு பற்றிய தவறான வாக்கியத்தை எப்படியிருந்தாலும் திருத்தியாக வேண்டும். அதற்கு விவாதமே தேவையில்லை. கையேட்டுக்கு வெளியே படித்து, சரியான தகவலை எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்கக்கூடாது என்று விடைத்தாள் திருத்துவோருக்கு எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள். அந்த மாணவியின் தாளை மறுமதிப்பீடு செய்யுங்கள்; பதிவெண்ணை அவர் சம்மதத்தோடு தனியாக அனுப்பியிருக்கிறேன். கடைசியாக, நீக்குவது என்ற முடிவு எந்தக் கூட்டத்தில், என்ன காரணத்தோடு எடுக்கப்பட்டது என்ற கூட்டக் குறிப்பின் நகல் எனக்கு வேண்டும்.

மூலப் பிரதியின் நகல் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். நீங்கள் நீக்கியது ஒன்பதாம் பக்கத்தில் மூன்றாவது பத்தியில் தொடங்குகிறது.

இப்படிக்கு,
மூன்றாம் அலகை எழுதிய ஆசிரியை